பலாத்தோல்

நாலாவது பாட்டில் பெயிண்டில் அதை இறுகவைக்கிற ஹார்டனரைத் தனுக்கோடி ஊற்றவில்லை. மறதி இல்லை. அறுபத்தாறு வயதுக்குக் கை நடுங்கும் என்கிறவன் வந்து பார்க்கட்டும், நடுங்கவும் இல்லை. ஹார்டனர் டப்பா இந்தத் தடவை மூடி திறக்காமல் கம்ப்ரெசர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, இவரையே பார்த்துக்கொண்டு. பார்க்கட்டும். முதல் மூன்று பாட்டிலுக்கும் அளவாக ஊற்றிக் குலுக்கி, ஸ்ப்ரே கன்னில் திருகி, அடிக்கிறபடி அடித்தாயிற்று. ஜீப்பின் இரண்டு பக்கமும், மட்கார்டும், பம்பரும், பின்கதவும் இந்நேரம் கல்லாக இறுகிக்கொண்டிருக்கும். அதற்குக் காரணம் இவருடைய நல்ல மனசு இல்லை. வண்டிக்காரன் சென்றாயன் காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காலாட்டிக்கொண்டு எதிரிலேயே குந்தியிருந்தான், அதுதான் காரணம். ஜீப் ஸ்டாண்டுத் தலைவன். கன்னைப் பிடிக்கிற மணிக்கட்டைப் பார்த்து, “என்னா கை மாமா உங்களுக்கு, போடியில எவனுக்கு வரும்” என்று வாய் வேறு. மூக்கில் துணி கட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. மதியம் ஆனதும் வயிறு இழுத்தது அவனுக்கு. “சாப்ட்டு ஒரு கண்ணு அசந்துட்டு வாரேன் மாமா” என்று எழுந்து போனான். அசந்துட்டு. எங்கே போய் எந்த வார்த்தையை எடுக்கிறான் பார். அவன் போனதும் மிச்சம் இருந்தது பானட்டும் பின்படியும். இரண்டுக்கும் நாலாவது பாட்டில். வெறும் பெயிண்ட். போடி ஷெட்டுகளில் இதற்குப் பலாத்தோல் என்று பேர். டப்பாவில் என்ன இழவு எழுதியிருந்தால் என்ன, அடித்து முடித்தால் பலாப்பழத்துத் தோலைக் கறுப்பில் முக்கின மாதிரி முள்முள்ளாக நிற்கும். மலைப்பாதைப் புதர் கிழித்தாலும் கோடு விழாது. ஏலக்காய் மூட்டையை மேலே போட்டு இழுத்தாலும் சுரண்டாது. அடைமழையில் ஈரக்காலை வைத்தாலும் வழுக்காது. ஹார்டனர் சேர்ந்தால். சேராவிட்டாலும் காய்ந்த மாதிரி நடிக்கும். மேலே பாலாடை மாதிரி ஒரு தோல் கட்டும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே கூழ். என்றைக்கும் கூழ்.

நாளை மறுநாள் ஆடி முதல் வெள்ளி. ஏலக்காய் எடுப்புத் தொடங்குவதற்கு முன்னால் ஸ்டாண்டு வண்டியெல்லாம் மலையடிவார முனி கோயில் முன்னால் வரிசை கட்டும். தலைவன் வண்டிக்கு முதல் மாலை. அரளியும் எலுமிச்சையும் சேர்த்துக் கட்டின மாலை, கன்றுக்குட்டி கனம் இருக்கும். அதைப் பானட்டில் கிடத்தி, மேலே மஞ்சத்தண்ணியை ஊற்றி, வெயில் ஏறுகிற வரைக்கும் வண்டியை அசைக்கக் கூடாது. பிறகு பூசாரி மாலையைத் தூக்கி வண்டிக்காரன் கழுத்தில் போடுவான். அந்த இடத்துக்குத்தான் தனுக்கோடி காத்திருக்கிறார். வெயிலில் கூழ் இளகும். எலுமிச்சை ஒவ்வொன்றும் அமுங்கி உட்காரும். பூசாரி மாலையைத் தூக்குவான், கூடவே வரும். கோழியை வெந்நீரில் முக்கி இழுக்கிற மாதிரி, தோல் தோலாக. அடியில் பழைய பச்சை பெயிண்ட் பல்லை இளிக்கும். பூசாரிக்கு அவசரம், கவனிக்க மாட்டான், கறுப்புக் கூழ் தொங்கத் தொங்க மாலை சென்றாயன் கழுத்தில் விழும். வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத சட்டை. எந்தத் தின்னருக்கும் அது போகாது. அத்தனை டிரைவர்களும், அவன் பெண்டாட்டியும், மதுரையிலிருந்து லீவு போட்டு வரப்போகிற மகனும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் கழுத்தைத் துடைப்பான், கை கறுக்கும், முகத்தைத் துடைப்பான், முகம் கறுக்கும். தனுக்கோடி இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். முகத்தைத் துடைக்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் வாயில் எச்சில் ஊறியது. தகரக் கூரை சடசடவென்று காய்ந்தது. தின்னர் வாடை தொண்டைக்குள் இனிப்பாக இறங்கியது. வலது முட்டி வலித்தது. இருக்கட்டும். இன்றைக்கு எதுவும் வலிக்காது.

பழசை மனசில் வைத்திருக்கிறீர்களா மாமா என்றுதானே கேட்டான் சென்றாயன் போன வாரம், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு. பழசு. எது பழசு. காசிமாயன் பழசா. இவர் பெற்ற மகன். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டிக்குத்தான் டிரைவர், இதே பச்சை ஜீப்புக்கு. விடியற்காலம் பெண்களை ஏற்றி மலைமேல் தோட்டத்தில் விட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். முன்னால் இரண்டு, நடுவில் திணித்துக்கொண்டு ஆறோ ஏழோ, மிச்சம் பின்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவன் ஓட்டுகிற வண்டியில் தூக்குவாளியில் இருக்கிற ரசம் சிந்தாது என்று பெண்கள் சொல்வார்கள். அவன் கையும் இவர் கை மாதிரி. அந்த மழைநாளில் சென்றாயன் மகன் சரண்ராஜ் வந்து நின்றான், மீசை முளைத்த திமிரில், நான் ஓட்டுறேன் தள்ளு என்று. முதலாளி மகன். காசிமாயன் இறங்கிச் சுற்றி வந்து முன்சீட்டு ஓரத்தில் உட்கார்ந்தான். ஊத்து வளைவில் வண்டி சாய்ந்தது. பின்படியில் நின்ற மொக்கத்தாய் பாறையில் போய் விழுந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி ஒரு தீபாவளிகூட வரவில்லை. காயம் பட்டவர்களைத் தூக்குவதற்குள் சென்றாயன் வந்து காசிமாயன் தோளில் கை போட்டுத் தனியே தள்ளிக்கொண்டு போய்விட்டான். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான் என்றால் எல்லாரும் மாட்டுவோம்டா மாப்ள. நீ ஓட்டினதாகச் சொல். நான் இருக்கிறேன். நான் வெளியே எடுக்கிறேன். என் மகன் மாதிரி நீ. இந்தப் பயல் தலையை ஆட்டிவிட்டான். ஆட்டுகிற தலை. யாரைக் கொண்டு பிறந்ததோ. சில வாரத்தில் ஜாமீன் கிடைத்து ஜெயிலிலிருந்து வந்தவனை ஸ்டாண்டில் நடுவில் நிறுத்தி, உயிரை வாங்கினவன் இனி இந்த ஸ்டாண்டில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது யார். அதே வாய். அதே தோளில் போட்ட கை, இந்தத் தடவை விரலை நீட்டிக்கொண்டு. காசிமாயன் அங்கே வாயைத் திறக்கவில்லை. திருப்பூர் பஸ்ஸில் ஏறுகிறபோதுதான் திறந்தான். “நான் ஓட்டலப்பா.” அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. அங்கே ஏதோ சாயப்பட்டறையில் வேலை. வெந்நீரும் சாயமும். ரசம் சிந்தாமல் ஓட்டின கை. மொக்கத்தாய் வீட்டுத் தெரு வழியாகத்தான் இவர் வீட்டுக்கு வர வேண்டும், அதனால் அவன் வருவதே இல்லை. சரண்ராஜுக்கு மதுரையில் போலீஸ் காக்கிச் சட்டை கிடைத்துவிட்டது. குதிரை மாதிரி நடக்கிறான்.

தனுக்கோடி அப்போது சும்மா இருந்தாரா. ஸ்டாண்டுக்குப் போனார். கத்தினார். அவனவன் டீ கிளாஸை உருட்டிக்கொண்டு, “எல்லா அப்பனும் அப்படித்தாண்ணே சொல்லுவான்” என்றான்கள். சாட்சி கொண்டு வா என்றான்கள். சாட்சி. வண்டி நிறையச் சாட்சிதான். பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தது, நடுவில் இருந்தவர்களுக்கு முன்னால் தெரியாது, சரி. படியில் நின்றவர்களுக்குத் தெரியாது, சரி. அன்றைக்கு முன்சீட்டில் இருந்த ஒரே ஒருத்திக்கு? பவுன்தாயி. ஏலக்காய் எடுக்கிற கூட்டத்துக்கு அவள்தான் மூத்தவள், அதனால் முன்சீட்டு. கியர்க் கம்பி முட்டியில் இடிக்க உட்கார்ந்திருந்தவள். வண்டி சாய்ந்ததில் காலில் இரண்டு விரல் போனவள். அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டார். அப்போதும் கட்டுப் பிரிக்காத காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “கண்ணு அசந்துட்டேண்ணே” என்றாள். அந்த வார்த்தை இவருக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது. நாலு வருஷமாக மாட்டியிருக்கிறது, தொண்டையில் குத்தின மீன் முள் மாதிரி, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகாமல். கண்ணு அசந்துட்டேன். கியர்க் கம்பி முட்டியில் இடிக்கும்போது எவளுக்குக் கண் அசரும். மலைப்பாதையில், மழையில், பக்கத்தில் ஒருத்தன் ஓட்டத் தெரியாமல் பிரேக்கை உதைக்கும்போது. கண்ணு அசந்துட்டேன். அதற்குப் பிறகும் அவள் அதே வண்டியில்தான் போகிறாள். அதே முன்சீட்டில். இல்லை, இப்போது முன்சீட்டில் இல்லை. விரல் போன காலை மடக்கி உட்கார முடியவில்லை என்று பின்படியில் நிற்கிறாள். பின்படியில்.

பின்படியை எதற்கு அடித்தாய். கேள்வி பக்கவாட்டில் வந்தது, எலி மாதிரி. பானட்டுக்கு அடித்தாய், சரி. மாலைக்குப் பானட் போதும். பாட்டிலில் மிச்சம் இருந்தது, படியும் மிச்சம் இருந்தது, கன் கையில் இருந்தது, அடித்தேன். அவ்வளவுதான். அவ்வளவுதானா. முகத்துணியை அவிழ்த்து வேர்வையைத் துடைத்தார். டீ குடிக்கலாம். டீக்கடைக்காரன் இந்நேரம் பாலைச் சுண்டக் காய்ச்சி வைத்திருப்பான், தின்னர் குடித்த வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். படி. படியில் கூழ் இருந்தால் என்ன ஆகும். வெள்ளிக்கிழமை பூசாரி மாலையைத் தூக்கினதோடு குட்டு வெளிப்பட்டுவிடும், வண்டி திரும்ப ஷெட்டுக்கு வந்துவிடும், சனிக்கிழமை எவளும் அதில் ஏறப்போவதில்லை. வரும் என்று என்ன நிச்சயம். பானட் உரிந்த ஆத்திரத்தில் சென்றாயன் வண்டியை அப்படியே ஓட்டுவான். எடுப்பு நேரத்தில் ஒரு நாள்கூட வண்டியைப் போட மாட்டான் அவன். படி பார்க்க நன்றாகத்தானே இருக்கும். விடியற்காலம் பனியில் ஏறுவார்கள், கம்பியைப் பிடிப்பார்கள், ஊத்து வளைவில் வண்டி ஒடிக்கும்போது பாதத்துக்கு அடியில் தோல் கழன்று வழுக்கும். சரக்கென்று. மொக்கத்தாய் நின்ற இடம். வலது ஓரம். பவுன்தாயி இப்போது நிற்கிற இடமும் அதுதான் என்கிறார்கள். நிற்கட்டும். அவளுக்குத்தான் எங்கேயும் கண் அசருமே. நின்றுகொண்டே தூங்கட்டும். நினைப்பைக் கையால் தள்ளுகிற மாதிரி முகத்துக்கு முன்னால் கையை வீசினார். ஈ இல்லை. ஈ மாதிரி. நான் யாரையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. நான் சென்றாயன் சட்டையைத்தான் கேட்டேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கூழ், முகத்தைத் துடைக்கிற கை. திரும்ப ஓட்டிப் பார்த்தார். பூசாரி மாலையைத் தூக்கினான். மாலைக்கு அடியில் பச்சை பெயிண்டுக்குப் பதில் ஒரு பாதம் தெரிந்தது. சீ. மறுபடி ஓட்டினார். மறுபடி பாதம். ஹார்டனர் டப்பா பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதைத் திருப்பி வைத்தார், எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி. டப்பாவுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம். கிழட்டுப் புத்தி.

பானட்டைத் தொட்டுப் பார்த்தார், புறங்கையால். ஒட்டவில்லை. ஆடை கட்டிவிட்டது. அழகாகத்தான் வந்திருக்கிறது, அதுதான் எரிச்சல். கன்னைத் தள்ளிப் பிடித்துக் காற்றைக் குறைத்தால் பெரிய முள், கிட்டே பிடித்தால் பொடி முள், இது இரண்டுக்கும் நடுவில், எல்லாம் ஒரே அளவு, வெயில் பட்டால் கருங்கல்லைக் கொத்தினது மாதிரி. தொழிலில் கெட்டது செய்யவும் இந்தக் கைக்கு நேர்த்தி வேண்டியிருக்கிறது. காசிமாயன் சின்னப் பையனாக இருக்கும்போது ஷெட்டில் வந்து காயாத பெயிண்டில் விரலை வைத்துவிடுவான். எத்தனை அடித்தாலும் வைப்பான். அந்த வயதுக் கைரேகை பதிந்த மட்கார்டு ஒன்று இந்த ஊரில் எந்த வண்டியிலோ ஓடிக்கொண்டிருக்கும். போன தீபாவளிக்குப் போன் பண்ணினான். சாப்பிட்டாயா என்று இவர் கேட்டார். சாப்பிட்டேன் என்றான். நீங்கள் என்றான். ஆச்சு என்றார். பின்னால் ஏதோ மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கேட்டார்கள். இதுக்கு மேல ஒரு அப்பனும் மகனும் என்ன பேசுவார்கள். நான் உன்னை நம்புகிறேன் என்று சொல்லலாம். அதைச் சொல்ல வாய் வராது. சட்டையில் கறுப்பைப் பூசிக் காட்டலாம். டேய், சென்றாயனுக்கு முகம் கறுத்துப்போச்சுடா, ஊரே பார்த்ததுடா. அதைச் சொல்லலாம். அதைச் சொல்ல வாய் வரும். அவன் சிரிப்பானா. மிஷின் சத்தத்துக்கு நடுவில் சிரிப்புக் கேட்குமா.

“அண்ணே.” வாசலில் நிழல். பவுன்தாயி. வெறுங்கால், எப்போதும் வெறுங்கால்தான், விரல் போன பாதத்தில் செருப்பு நிற்காது. நாலு வருஷத்தில் இந்த வாசலை அவள் மிதித்ததில்லை. வழியில் பார்த்தால் இவர் அந்தப் பக்கம் எச்சில் துப்புவார், அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு போவாள், அதுதான் பேச்சு. “என்னா” என்றார், அவளைப் பார்க்காமல். “வண்டிக்குள்ள என் கொங்காணிய வெச்சுட்டேன். மழைக்குப் போத்துற சாக்கு. நாளைக்கு மழ வரும்போல. எடுத்துட்டுப் போயிருதேன்.” எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். காட்டின கை கீழே இறங்குவதற்குள் அவள் வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். இவருக்கு அப்போதுதான் உறைத்தது. “ஏய், மிதிக்காதே” என்ற சத்தம் வாயிலிருந்து வந்தபோது அவள் ஏறி நின்றிருந்தாள், பழக்கத்தில் ஏறுகிற மாதிரி, இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து. கால் ஒரு விரற்கடை வழுக்கிற்று. கம்பியில் தொங்கி நின்றாள். கீழே குதித்தாள். கையில் கொங்காணி. காலடியில் பிசுபிசு என்று கறுப்பு.

படியில் பாதம் பதிந்திருந்தது. குதிகால், நடுப்பாதம், மூன்று விரல். பக்கத்தில் விரல் இல்லாத இடம் வழுவழுவென்று ஒரு இழுப்பு. அந்த மூன்று விரலையும் தனுக்கோடி பார்த்தார். மாலைக்கு அடியில் வந்த பாதம் இதுதான். வலது ஓரம். “காலையில அடிச்சது இன்னுமாண்ணே காயல?” என்று கேட்டாள். பதறின குரல், தப்புச் செய்த குரல். “பாவி நான், பார்க்காம மிதிச்சுட்டேனே. குடுங்க, எதை வெச்சுத் துடைக்கணும்” என்று தின்னர் டின்னைத் தானே எடுத்தாள், வேஸ்ட் துணியைத் தானே உருவினாள். “விடு, நான் பார்த்துக்கிறேன்.” “நான்தானண்ணே மிதிச்சேன்.” மிதித்த இடத்தைத் துடைத்தாள். அதோடு நிற்கவில்லை, அந்தத் துணி பக்கத்திலும் பட்டது, பக்கத்திலும் கழன்றது. இன்னும் பக்கத்தில். அதுவும். சேறு வழிக்கிற மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தாள். எதிரில் பின்கதவு. அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கல். படியில் அழுத்தினாள். கூழ். இவர் முகத்தைப் பார்த்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள், இவர் கூடவே போனார், ஏன் போனார் என்று தெரியாது. பானட் நடுவில் கட்டைவிரல் குழி விழுந்தது. தகரம் மேலே ஒரு தடவை சடசடத்தது. காகம் உட்கார்ந்திருக்கும்.

“வெள்ளிக்கிழம மாலைக்கா?” என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாள். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது. பானட்டில் வேறு எதை வைப்பார்கள். “மாலை சரிண்ணே. மாலை புரியுது. படி எதுக்கு?” இவர் பானட்டில் விழுந்த குழியையே பார்த்தார். “நாங்க நிக்கிற படிண்ணே.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் இவரும் உயர்த்தியிருப்பார், நிம்மதியாக இருந்திருக்கும். “நீதான் தூங்குவேல்ல” என்றார். நாலு வருஷம் தொண்டையில் இருந்த முள். வெளியே வந்ததும் சின்னதாக இருந்தது. “நின்னுக்கிட்டே தூங்கு.” பவுன்தாயி துணியை மடித்தாள். சுத்தமான பக்கம் மேலே வருகிற மாதிரி மடித்தாள். தின்னரை ஊற்றினாள். பானட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். இவர் தடுத்திருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம். கறுப்பு வழிந்து பச்சை தெரிந்தது, கை அகலம், முழம் அகலம். வெள்ளைச் சட்டை கழன்றுகொண்டு போனது. முகத்தைத் துடைக்கிற கை கழன்றுகொண்டு போனது. “உரிஞ்சா என்னா சொல்லுவானுங்க தெரியுமாண்ணே? சென்றாயன் முகத்துல கரின்னா சொல்லுவானுங்க? தனுக்கோடிக்குக் கண்ணு போச்சு, கை போச்சு, பெயிண்டு அடிக்கத் தெரியலன்னுதான் சொல்லுவானுங்க. அவன் வேற வண்டி வாங்குவான். உங்க பேருதான் நாறும்.” இது இவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்கூட இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான்கள், எல்லாரும், டீ கிளாஸை உருட்டிக்கொண்டு. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். பானட்டின் அந்த ஓரத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, “தூங்கல” என்றாள்.

தனுக்கோடி கம்ப்ரெசர்மேல் உட்கார்ந்துவிட்டார். சூடு. எழுந்திருக்கவில்லை. “அன்னைக்கு ராத்திரி சென்றாயன் பொண்டாட்டி வந்து என் கட்டுப் போட்ட கால்ல முகத்த வெச்சு அழுதா. ஒத்தப் புள்ள, காக்கி வேலைக்கு எழுதியிருக்கான்னு சொன்னா. எனக்கு மலைக்குப் போறதுக்கு அவன் வண்டிய விட்டா எங்க தெருவுக்கு வேற வண்டி வராது. நான் செவத்தப் பார்த்தேன். நீங்க வந்தப்பவும் செவத்தத்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் நான் ஏறி நிக்கிற இடம் மொக்கத்தாய் நின்ன இடம். வேணும்னேதான் நிக்கேன். வேற இடம் இருந்தாலும்.” அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். இப்போதும் கொடுக்கவில்லை. நாலு வருஷம், நாலு தீபாவளி, மிஷின் சத்தம், அதை யார் துடைப்பது. இவளையும் பிடிக்கவில்லை. சென்றாயனைப் பிடிக்கவே இல்லை. ஆனால் கையிருப்பில் இன்னும் ஒரு பாட்டில் பெயிண்ட் இருந்தது. எழுந்தார். ஹார்டனர் டப்பாவைத் திருப்பி வைத்தார். மூடியைத் திருகித் திறந்தார். அளவு பார்த்து ஊற்றினார். குலுக்கினார், அடியில் தங்காமல், மேலே நுரைக்காமல். அவள் படியின் கடைசிச் சொட்டையும் வழித்து முடிப்பதற்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. சென்றாயன். கண்ணில் தூக்கம், கன்னத்தில் தலையணைக் கோடு. “என்ன மாமா, பானட்டு பச்சையா நிக்குது? இன்னும் அடிக்கலயா?” தனுக்கோடி கன்னில் பாட்டிலைத் திருகிக்கொண்டிருந்தார். பவுன்தாயி துணியை உதறினாள். “அடிச்சாருப்பா. நான்தான் வந்து கெடுத்துட்டேன். படிய மிதிச்சுட்டேன், பானட்டுல கையை ஊண்டிட்டேன்.” “ஏத்தா, பார்த்து வரக் கூடாதா?” “கண்ணு அசந்துட்டேன்” என்றாள். சென்றாயன் கொட்டாவியை வாயிலேயே நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். தனுக்கோடிக்குச் சிரிப்பு வந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டார். உள்ளே சிரிப்பு, தின்னர், வேர்வை. கன்னை அழுத்தினார். படியில் முள் விழுந்தது, ஒரே அளவாக, வலது ஓரத்தில் இன்னும் ஒரு தடவை, வேண்டுமென்றே கொஞ்சம் பெரிய முள்ளாக.

வெள்ளிக்கிழமை அரளி மாலை பானட்டில் கிடந்தது, மஞ்சத்தண்ணி வழிந்தது, வெயில் ஏறியது, பூசாரி தூக்கினான். ஒரு பொடிகூட மாலையோடு வரவில்லை. தனுக்கோடி கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டைமேல் மாலை விழப்போகிற நேரம். பின்படியில் யாரோ ஏறின சத்தம் கேட்டது. கால் வழுக்கவில்லை. பூசாரியின் கை அந்தரத்தில் நின்றது. சரண்ராஜ் கழுத்தைத் திருப்பினான். விரல் மூன்றுள்ள பாதம் கறுப்புப் பலாத்தோலில் கவ்விப் பிடித்து நிற்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் நிறுத்துங்கய்யா, ஊத்து வளைவுல வண்டிய ஓட்டினது காசிமாயன் இல்ல” என்று அத்தனை பேர் முன்னாலும், முனி முன்னாலும் எடுத்துச் சொன்னது பவுன்தாயி.